பஃபலோவில் பார்க்க என்ன இருக்கு?

9 மார்ச் 2024, ஒரு வாசகர் கேட்டது

அண்ணை, ஏப்ரல் 8 சூரிய கிரகணத்துக்குப் பிள்ளைகளோடு எல்லைக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவிலுள்ள பஃபலோவுக்குப் போகலாம் என்று யோசிக்கிறோம். ரொறன்ரோவில் முழுக்கிரகணம் தெரியாதாம். கிரகணம் பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகுதான், அதுவரைக்கும் என்ன செய்வது? நயாகரா பார்த்து அலுத்துவிட்டது. பஃபலோவுக்குள்ளால் நாலைந்து தரம் போயிருக்கிறேன், பாழடைந்த சீமெந்துக் கட்டடங்களைத் தவிர ஒன்றையும் காணவில்லை. உருப்படியாக ஒரு கட்டடமாவது இருக்கா?

9 மார்ச், இரவு

அந்தச் சீமெந்துக் கட்டடங்களைத்தான் முதலில் பாருங்கள், தம்பி. ஆற்றங்கரையில் யன்னலே இல்லாமல், பெரிய பெரிய உருளைகளை ஒட்டி ஒட்டி நிறுத்தியது போல நிற்கிறவைதானே? எல்லாம் தானிய எலிவேட்டர்கள். ஆள் ஏறுகிற லிஃப்ட் இல்லை. கப்பலில் வந்த கோதுமையை மேலே ஏற்றி, சேர்த்துவைத்து, பிறகு வேண்டியபோது கீழே இறக்கிவிடுகிற கட்டடம். பஃபலோ பெரிய நகரமானதே இந்த வேலையால்தான்.

1825-இல் ஈரி கால்வாய் முழுதாகத் திறந்தது. மேற்கே விளைந்த கோதுமை ஏரிகள் வழியாகக் கப்பலில் பஃபலோவுக்கு வரும். அங்கிருந்து கால்வாய்ப் படகில் ஹட்சன் ஆற்றுக்குப் போய் நியூயோர்க்கில் இறங்கும். ஏரிக் கப்பல் கால்வாய்க்குள் நுழையாது. அதனால் வந்த தானியம் அத்தனையும் பஃபலோவில் இறங்கி ஏறியாக வேண்டும். ஐரிஷ் கூலியாட்கள் கப்பலின் அடியில் நின்று அள்ளி, முதுகில் சுமந்து ஏறினார்கள். மழை வந்தால் வேலை நின்றுவிடும். 1842-இல் ஜோசப் டார்ட் என்ற வியாபாரியும் ரொபர்ட் டன்பார் என்ற பொறியாளரும் ஒரு நீளமான வாரில் வாளிகளைக் கோர்த்து, நீராவி எஞ்சினால் ஓட்டி, அந்த வாரைக் கப்பலின் வயிற்றுக்குள்ளேயே இறக்கினார்கள். மணிக்கு ஆயிரம் புஷல் மேலே ஏறியது. ஒரு புஷல் கோதுமை 27 கிலோ. கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

முதலில் கட்டியவை மரத்தால். தானியத் தூசு நெருப்பைக் கண்டால் வெடிமருந்து மாதிரி, ஒவ்வொன்றாக எரிந்துபோயின. பிறகு இரும்பு, பிறகு சுட்ட ஓடு, கடைசியில் கொங்கிரீட். 1906-இல் கட்டிய அமெரிக்கன் எலிவேட்டர் இன்றைக்கும் நிற்கிறது. சில அடி உயரமுள்ள வட்ட அச்சை வைத்து, கொங்கிரீட் ஊற்ற ஊற்ற ஜாக்கியால் அச்சை மெல்ல உயர்த்திக்கொண்டே போவார்கள். இரவு பகல் நிறுத்துவதில்லை. பனை வளர்கிற மாதிரி உருளையும் வளரும், ஆனால் நாள்கணக்கில்.

1913-இல் ஜெர்மன் கட்டடக்கலைஞர் வால்டர் குரோபியஸ் அமெரிக்க எலிவேட்டர்களின் படங்களை வெளியிட்டார். பஃபலோவின் வாஷ்பர்ன் குரொஸ்பி எலிவேட்டரும் அவற்றில் ஒன்று. அந்தப் படங்கள் லெ கொர்பூசியே என்ற இன்னொரு கட்டடக்கலைஞர் கைக்குப் போயின, அவர் சில படங்களில் இருந்த அலங்கார முகப்புகளை அழித்துவிட்டே அச்சிட்டார். அவருக்கு வெறும் உருளைதான் தேவைப்பட்டது. நவீன கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்று ஐரோப்பாவில் வாதாடியவர்கள் சாட்சிக்குக் கூப்பிட்டது இந்தக் களஞ்சியங்களைத்தான்.

ஓஹாயோ வீதியால் மெதுவாகக் காரை ஓட்டுங்கள், இரண்டு பக்கமும் தெரியும். சைல்ட்ஸ் வீதி முடிவில் சைலோ சிற்றி, பழைய எலிவேட்டர்கள் கூட்டமாக நிற்கிற இடம் (சைலோ என்றால் தானியம் வைக்கிற அந்த உருளை). கான்சன் வீதியில் கிரேட் நோர்தேர்ன் எலிவேட்டர், பெரிய செங்கல் பெட்டி போல இருக்கும், அதை மட்டும் தவறவிடாதீர்கள்.

10 மார்ச்

திருத்தம். கிரேட் நோர்தேர்ன் இப்போது இல்லை. 2021 டிசம்பர் 11 சூறைக்காற்றில் வடக்குச் சுவர் பிய்ந்து விழுந்தது தெரியும். வழக்கு நடந்ததும் தெரியும். அதோடு நான் பின்தொடரவில்லை. நேற்று எழுதியதை மகள் படித்துவிட்டு, "அப்பா, அதை இடிச்சு முடிச்சிட்டாங்கள்" என்றாள். 2022 செப்டெம்பரில் தொடங்கி இடித்திருக்கிறார்கள்.

மனசு கேட்கவில்லை, அதனால் அது என்ன கட்டடம் என்றாவது எழுதிவிடுகிறேன். 1897-இல் கட்டியது. செங்கல் சுவர் வெறும் மழைச்சட்டை, எந்தப் பாரத்தையும் அது தாங்கவில்லை. உள்ளே இரும்பில் செய்த பிரமாண்டமான கொள்கலன்கள், அவற்றுக்கு இரும்புத் தூண்கள். சுவர் விழுந்த பிறகு எடுத்த படத்தைப் பாருங்கள், வயிறு திறந்தது போல உள்ளே அந்தக் கொள்கலன்கள் அப்படியே அசையாமல் நிற்கும். நயாகராவில் எடுத்த மின்சாரம் 1896 நவம்பரில் பஃபலோவுக்கு வந்தது. அடுத்த வருடமே இந்த எலிவேட்டர் நீராவியை விட்டு மின்சாரத்தில் ஓடியது. செங்கல் சுவருக்குள் இரும்புக் கொள்கலன் வைத்த அமைப்பில் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான் என்று மரபு காப்பவர்கள் நீதிமன்றத்தில் மன்றாடினார்கள். உரிமையாளருக்கு அது பாதுகாப்பில்லாத கட்டடம், நகரம் அவசர இடிப்பு ஆணை கொடுத்தது.

சுவர் பாரம் தாங்கவில்லை என்றால் சுவரை மட்டும் திருப்பிக் கட்டியிருக்கலாமே என்றுதான் எனக்கு நேற்றிரவு முழுக்க.

10 மார்ச், பிறகு

களஞ்சியம் என்று எழுதினேன். எங்கள் ஊர்ச் சொல் கொம்பறை. அப்பாச்சி வீட்டில் இருந்தது நெல்லு போட்டுவைக்கிற கொம்பறை. வேலை ஒன்றுதான், அளவுதான் வேறு. கொன்கிரீட் சென்ட்ரல் என்ற எலிவேட்டர் 1915-இல் தொடங்கி 1917-இல் முடித்தது, கால் மைல் நீளம், 45 லட்சம் புஷல் பிடிக்கும். 1966-இல் கைவிட்டார்கள். இன்னும் ஆற்றோரத்தில் கிடக்கிறது. உள்ளே போகாதீர்கள், தளத்தில் துளைகள் இருக்கும், பிள்ளைகளோடு வேண்டவே வேண்டாம்.

12 மார்ச்

பஃபலோவில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று தம்பி கேட்டிருக்கிறார். எங்களில் கனபேருக்கு அது கனடாவுக்கு முந்திய கடைசி ஊர். நான் 1991 பெப்ரவரியில் நியூயோர்க்கிலிருந்து ரயிலில் வந்தேன். வயது 22. பஃபலோ சென்ட்ரல் டெர்மினல் என்ற பெரிய நிலையத்தில் இறங்கினேன், 17 மாடிக் கோபுரம், வெளியே பனி. இறங்கியதும் ஒரு மணம் வந்தது. அம்மா மா வறுக்கிறபோது வருகிற மணம். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாததால் எனக்கு அப்படித் தோன்றுகிறது என்று நினைத்தேன். பிறகு ஒரு பழைய கட்டடத்தில் பதினொரு நாள் தங்கவைத்தார்கள். நல்ல மனிதர்கள், சூப்பும் பாணும் கொடுத்தார்கள். பதினோராம் நாள் எல்லைப் பாலமான பீஸ் பிரிட்ஜ் தாண்டி, கனடாப் பக்கத்து ஃபோர்ட் ஈரி.

அந்த நிலையத்தை நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். 1929 ஜூனில் திறந்தார்கள், பங்குச்சந்தை விழ நாலு மாதம் இருக்கும்போது. ஒரு நாளைக்கு 200 ரயில் வரும் என்று கணக்குப் போட்டுக் கட்டினார்கள். நகரின் நடுவிலிருந்து இரண்டரை மைல் தள்ளி, ஊர் கிழக்கே வளரும் என்ற நம்பிக்கையில். ஊர் அந்தப் பக்கம் வளரவில்லை.

13 மார்ச்

அத்தான் இதைப் படித்துவிட்டு ஃபோன் எடுத்தார். "அந்த ஸ்டேஷன் 1979-இலேயே பூட்டியாச்சு. 91-இல் நீ அதில் எப்படி இறங்கினாய்?"

தேடிப் பார்த்தேன். அவர் சொல்வது சரி. 1979 ஒக்டோபரில் கடைசி ரயில். நான் இறங்கியது எக்ஸ்சேஞ்ச் வீதியிலுள்ள சின்ன நிலையம், ஒரு நெடுஞ்சாலைப் பாலத்துக்குக் கீழே இருந்தது. ரயில் அங்கே போவதற்கு முன் பழைய நிலையத்தை உரசிக்கொண்டு போகும். கோபுரத்தை யன்னலால் பார்த்திருக்கிறேன். வெளிச்சமில்லாத, கண்ணாடி உடைந்த கோபுரம். முப்பத்துமூன்று வருடமாக அங்கேதான் இறங்கினேன் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். மகளுக்கு நேற்றே சொல்லிவிட்டேன், அவள் அழுதாள், ஏன் என்று இருவருக்கும் தெரியவில்லை.

யோசித்துப் பார்த்தால், நான் அந்தக் கோபுரத்தைப் பார்த்தபோதுதான் அதன் மிக மோசமான காலம். உள்ளே இருந்த விளக்குகளையும் அலங்காரங்களையும் கழற்றி விற்றுக்கொண்டிருந்தார்கள். நடுக்கூடத்துக் கடிகாரமும் போய்விட்டது. 1997-இல் ஒரு தொண்டர் அமைப்பு அந்த முழு நிலையத்தையும் ஒரு டொலருக்கு வாங்கியது. பிறகு அந்தக் கடிகாரம் இணைய ஏலத்தில் வந்தபோது காசு சேர்த்துத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். 1999-இல் கோபுரத்துக்கு மறுபடி விளக்குப் போட்டார்கள். இடித்தாலே பெரிய செலவு என்ற நிலையில்தான் பல வருடம் அது பிழைத்துக் கிடந்தது என்று நினைக்கிறேன். பிறகுதான் அன்பு வந்தது.

17 மார்ச்

இரண்டு கட்டடங்களை ஒன்றாகச் சொல்ல வேண்டும். ஒன்று இருக்கிறது, மற்றது இல்லை.

இருப்பது கேரண்டி பில்டிங். லூயி சல்லிவனும் டாங்மர் அட்லரும் 1896-இல் முடித்தது, 13 மாடி. இரும்புச் சட்டத்தில் நிற்கிற உயரக் கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்று ஒருவருக்கும் விளங்காத காலம். பழைய அரண்மனைகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சல்லிவன் "நீ உயரம், உயரமாகவே நில்" என்று விட்டுவிட்டார். தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்த்தால் கீழிருந்து மேல்வரை கண் தடையில்லாமல் ஏறும். அதற்குப் பிறகு கிட்டப் போங்கள். சுவர் முழுக்கச் செம்மண் நிறச் சுடுமண் ஓடு, ஒவ்வொரு அங்குலத்திலும் விதை, இலை, கொடி. முதல் தடவை பார்த்தபோது எங்கள் கோயில் தேரின் மரச்சிற்பம்தான் ஞாபகம் வந்தது, வெற்று இடமே விடக்கூடாது என்ற அந்தப் பிடிவாதம். 1974-இல் தீப்பிடித்தது. இடிக்கப் போகிறார்கள் என்ற நிலைமை வந்து, ஊர்க்காரர்களும் செனட்டர் மொய்னிஹனும் நின்று காப்பாற்றினார்கள். இப்போது ஒரு சட்ட நிறுவனம் உள்ளே இருந்து வேலை செய்கிறது.

இல்லாதது லார்கின் நிர்வாகக் கட்டடம். சவர்க்காரம் செய்து தபாலில் விற்ற லார்கின் கம்பனிக்காக ஃபிராங்க் லொய்ட் ரைட் கட்டியது, 1906-இல் முடிந்தது. வெளியே கோட்டை போல மூடிய செங்கல். தொழிற்சாலைப் புகையும் ரயில் புகையும் உள்ளே வரக்கூடாது என்பதற்காக. உள்ளே ஐந்து மாடி உயரத்துக்கு ஒரு திறந்த நடுக்கூடம், கூரைக் கண்ணாடியால் வெளிச்சம் இறங்கும், நாற்சார் வீடு மாதிரி. கடிதங்களுக்குப் பதில் எழுதுகிற குமாஸ்தாக்கள் அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து வேலை செய்தார்கள். கம்பனி நொடித்தது, கட்டடம் கை மாறியது, வரி கட்டாமல் நகரத்திடம் வந்தது. 1950-இல் இடித்தார்கள். லொறி நிற்கிற இடம் கட்டப்போவதாகச் சொல்லி. அதையும் கட்டவில்லை.

அந்த இடத்தில் ஒரு கார் தரிப்பிடத்தின் ஓரத்தில் ஒற்றைச் செங்கல் தூண் நிற்கும். கட்டடத்தின் மதிலில் மிஞ்சியது அவ்வளவுதான். நான் அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

18 மார்ச்

நேற்று எழுதியது ஒரு பக்கம்தான். லார்கின் கட்டடத்தை இடித்தவர்கள் மோசமானவர்கள் என்ற தொனி வந்துவிட்டது. 1950-இல் பஃபலோவில் 5,80,132 பேர். உலகத்துக்கே சாப்பாடும் உருக்கும் அனுப்புகிற ஊர். அந்த வருடத்துக்காரனுக்கு 44 வருடப் பழைய காலி அலுவலகம் ஒரு பொக்கிஷம் என்று எப்படித் தோன்றும்? 1959-இல் செயின்ட் லோரன்ஸ் கடல்வழி திறந்ததும் தானியக் கப்பல்கள் பஃபலோவில் நிற்காமல் நேரே கடலுக்குப் போகத் தொடங்கின. 1983-இல் பக்கத்து ஊர் லாக்கவானாவின் பெத்லகேம் உருக்காலையில் பெரும்பகுதியை மூடினார்கள். 2010-இல் ஊரில் எண்ணினால் 2,61,310 பேர். பாதிக்கும் குறைவு. ஊரே சுருங்கும்போதுதான் கட்டடம் மட்டும் பெரிதாகத் தெரிகிறது.

ஆனாலும் கிரேட் நோர்தேர்னை இடித்தது 2022-இல். அந்த வருடத்துக்காரனுக்குத் தெரியாது என்று நான் சொல்ல மாட்டேன்.

24 மார்ச்

பிள்ளைகளுக்குப் பிடிக்கிறதாகச் சொல்லுங்கள் என்றால் நகர மண்டபம்தான். 1931-இல் முடித்த 32 மாடி, உச்சியில் நிற ஓடுகளால் ஒரு கிரீடம். குளிரூட்டி இல்லாத காலத்தில் ஏரிக் காற்றை மேற்குப் பக்கத்தால் பிடித்து, அடித்தளத்துக்கு இறக்கி, குளிர்ந்ததும் மாடிகளுக்கு அனுப்புகிற மாதிரிக் கட்டினார்கள். 25-ஆம் மாடிவரை லிஃப்ட், அப்புறம் மூன்று மாடி படியேறினால் 28-இல் பார்வை மாடம், காசு இல்லை. நான் ஏறினபோது வேலைநாட்களில்தான் திறந்திருந்தது, போக முதல் ஒரு ஃபோன் எடுத்துக் கேளுங்கள்.

மேலேயிருந்து பார்த்தால் தெருக்கள் சதுக்கத்திலிருந்து சக்கரத்தின் ஆரங்கள் போலப் பிரியும். ஜோசப் எலிக்கொட் 1804-இல் போட்ட திட்டம். வடமேற்கே பார்த்தால் பீஸ் பிரிட்ஜ். 1927-இல் திறந்தது. நான் மேலே ஏறியதும் வேறெதையும் பார்க்கவில்லை, அதைத்தான் தேடினேன். எவ்வளவு சின்னதாக இருந்தது.

ரிச்சர்ட்சன் வளாகம் பற்றி எழுதலாமா என்று யோசித்தேன். எச். எச். ரிச்சர்ட்சன் வரைந்த மனநல மருத்துவமனை, 1880-இல் முதல் நோயாளிகள் வந்தார்கள். சிவந்த மெதீனா மணற்கல், இரட்டைக் கோபுரம். இரண்டு பக்கமும் கட்டடங்கள் படிப்படியாகப் பின்வாங்கி, பறக்கிற வாத்துக்கூட்டம் போல நிற்கும். ஒவ்வொரு விடுதிக்கும் வெயிலும் காற்றும் கிடைக்கட்டும் என்று. இப்போது நடுப்பகுதி ஹொட்டேல். ஒருமுறை மனைவியும் நானும் போய்த் தேநீர் குடித்தோம். வடிவான இடம். ஆனால் எத்தனை பேர் தங்கள் விருப்பமில்லாமல் அங்கே படுத்திருந்தார்கள் என்று நினைத்ததும் எனக்குத் தேநீர் இறங்கவில்லை. மனைவி சொன்னா, "சும்மா பூட்டிக் கிடந்தால் அவையளுக்கு என்ன லாபம்?" இன்றுவரைக்கும் அதற்கு என்னிடம் பதில் இல்லை.

25 மார்ச்

பியர் கான் மாதிரித் தெரிகிற சைலோக்களைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். கான்சன் வீதியில் ரிவர்வேர்க்ஸ். ஆறு சைலோவை ஆறு பியர் கானாக மாற்றியிருக்கிறார்கள். பத்து வருடத்துக்கு முதல் பார்த்தபோது கோபம் வந்தது. அதே வீதியில் கிரேட் நோர்தேர்ன் போன பிறகு அந்தக் கோபம் போய்விட்டது. நிற்கிறதே.

9 ஏப்ரல்

நேற்று நானும் போனேன். எல்லையில் நெரிசல் வரும் என்று விடியக் காலையிலேயே கிளம்பினோம். ஓஹாயோ வீதியோரம் நின்றோம், நான், மனைவி, மகள். வானம் முழுக்க முகில். ஒரு தடவை முகில் மெலிந்து, கடித்த அப்பம் போல சூரியன் தெரிந்தது, பிறகு மறைந்தது. 3.18-க்கு இருட்டியது. முகில் இருந்ததால் இருட்டு ஏரிப் பக்கத்திலிருந்து நடந்து வருவது தெரிந்தது. அக்கரை எலிவேட்டர்களின் சாம்பல் நிறம் முதலில் போனது, பிறகு உருவமே போனது. புறாக்கள் கூட்டமாக எழும்பி ஒரு வட்டம் அடித்து உருளைகளின் உச்சிக்குப் போய் ஒதுங்கின. தெருவிளக்குகள் தாமாக எரிந்தன. மூன்றே முக்கால் நிமிடம். ஒருவரும் கதைக்கவில்லை.

வெளிச்சம் திரும்பினபோது கொங்கிரீட்டில் பலகை அச்சின் கோடுகள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கின. எத்தனையோ தரம் பார்த்த சுவர்.

11 ஏப்ரல்

தம்பி எழுதியிருக்கிறார், நகர மண்டபம் பார்த்தார்களாம், கேரண்டி பில்டிங் வாசலில் மூத்தவன் இலைகளை எண்ணத் தொடங்கி நூறோடு விட்டானாம். சின்னவள் காரை விட்டு இறங்கியதும், "இந்த ஊர் முழுக்க சீரியல் மணக்குது" என்றாளாம். ஏன் என்று கேட்கிறார்.

அது ஜெனரல் மில்ஸ் ஆலை. குரோபியஸ் படத்தில் இருந்த அதே வாஷ்பர்ன் குரொஸ்பி இடம்தான், கம்பனி 1928-இல் வேறு ஆலைகளோடு சேர்ந்து ஜெனரல் மில்ஸ் ஆனது. அங்கே சீரியோஸ் என்ற காலைச் சீரியல் செய்கிறார்கள், ஓட்ஸ் மாவைச் சுடுகிற மணம் காற்றடிக்கிற பக்கமெல்லாம் போகும். ஊர்க்காரர்கள் அதைச் சட்டையில் அச்சடித்துப் போடுகிறார்கள். ஏரிக் கப்பலில் இன்னும் அந்த ஆலைக்குத் தானியம் வருகிறது. ஆற்றங்கரையில் 1842-இல் தொடங்கிய வேலை விடாமல் நடக்கிற இடம் அது.

எக்ஸ்சேஞ்ச் வீதி நிலையத்திலிருந்து அந்த ஆலை நடக்கிற தூரம். 1991-இல் நான் பசியில் கற்பனை செய்யவில்லை.